ஒரு மைல் சேறும் மூன்று டயர்களும்

புதுவாயல் கூட்டு ரோட்டில், முனிரத்தினத்தின் பஞ்சர் கடைச் சுவரில் மூன்று டயர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அவற்றின் கீழ்ப் பாதி மட்டும்தான் தெரிந்தது. மேல் பாதியை, நான் உட்கார்ந்திருந்த வண்டியின் திரை மறைத்துக்கொண்டிருந்தது.

தரையைத் தொடுவது கீழ்ப் பாதிதானே, அது தெரிந்தால் போதாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். காய்ந்த ரப்பர் வாசனையும் பக்கத்துக் கடையில் கொதிக்கும் டீயின் வாசனையும் கலந்து உள்ளே வந்தன. வடக்கே போகும் லாரி ஒன்று கடந்தபோது திரை உப்பி வந்து என் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

என் வீட்டுக்காரர் கமால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பும் காக்கிக் கால்சட்டையின் ஓரமும் தெரிந்தன. எதிரே கிரீஸ் படிந்த இரண்டு வெறுங்கால்கள். அவை முனிரத்தினத்துடையவை.

"எது பாய் போடணும்? இந்த மூணுல ஒண்ணத் தொட்டுக் காட்டு, அர மணியில மாட்டித் தரேன்" என்றன அந்தக் கால்கள்.

செருப்பு இங்கும் அங்கும் நகர்ந்தது. எதை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன சொல்ல வேண்டிவரும் என்பதும் தெரிந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தொட்டி வண்டி

வாராவாரம் என் கதை கேட்க வருகிறவர்களில், இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பழவேற்காட்டில் பிறந்து, அதே ஊரில் நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். மாமனாருக்குக் கருவாட்டு வியாபாரம். அவர் மனைவி, என் மாமி, பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவருக்குச் சோறு ஊட்டுவதும் இரவில் புரட்டிப் படுக்க வைப்பதும் என் வேலை. அதை நான் பாரமாக நினைத்ததில்லை. மாமி பேசமுடியாமல் போன பிறகுதான் எங்களுக்குள் ஒற்றுமை வந்தது.

என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய பட்டாள மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். அதன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் தொட்டி, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் உண்டு. எங்கள் தெருவில் அது தொட்டி வண்டிதான்.

எங்கள் வீட்டுப் பெண்கள் அப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறுவதில்லை. வெளியூர் போனால் கூண்டு வண்டியில், திரைக்குள். அது எனக்கு அப்போது குறையாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறதா என்று கேட்டால், சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை.

என் வீட்டுக்காரர் கூண்டு கட்டும் ஆளைக் கூப்பிட்டு, தொட்டியின் மேல் பிரம்பை வளைத்து, மூன்று பக்கமும் பச்சைத் துணியில் திரை போட வைத்தார். வேலை முடிந்ததும் தெருவே வந்து பார்த்தது. "மோட்டார் சைக்கிளு பக்கத்துல கோழிக் கூட்ட கட்டிக்கினு போறான்" என்று அவருடைய சிநேகிதர்களே கிண்டல் செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோழிக் கூட்டை அவர் கட்டியது எனக்காக, என் தங்கைக்காக.

நாலு விரல் இடைவெளி

கூண்டு வண்டியின் திரையை அடிவரைக்கும் இழுத்துக் கட்டமாட்டார்கள். காற்று வரக் கீழே நாலு விரல் இடைவெளி இருக்கும். சின்ன வயதில் நானும் தங்கை நூருவும் வைக்கோல் மேல் குப்புறப் படுத்து, பலகையில் மோவாயை வைத்து, அந்த இடைவெளி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தோம். உலகம் என்றால் தரை. வேறு எதுவும் தெரியாது.

எங்கள் உம்மா பிறந்த ஊர் தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில், புதர்க்காட்டு ஓரத்தில் இருந்தது. முப்பது மைல் இருக்கும். விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாயும்போது போய்ச் சேருவோம். அந்த முப்பது மைலும் எங்களுக்கு ஒரே விளையாட்டுதான். எங்கே இருக்கிறோம் என்று தரையைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

கிளிஞ்சல் தூளோடு மணல் வெள்ளையாக ஓடினால் ஊர் எல்லை இன்னும் தாண்டவில்லை. அது நின்று கறுப்பு மண் வந்தால் வயல்கள் வந்துவிட்டன. பிறகு பொன்னேரி வரைக்கும் சரளைக் கல், சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டே போகும். அதற்கப்புறம் தார் ரோடு. தாரில் ஒன்றும் இருக்காது, கறுப்பாக ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்கப் பார்க்கக் கண் சொருகும். நூரு எப்போதும் அங்கேதான் தூங்கிப்போவாள். வண்டி மேற்கே திரும்பிச் செம்மண் வந்ததும், கீழிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் எழும்பி அவள் கன்னத்தில் படியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுப்புவேன்.

இன்றைக்கும் சில மத்தியானங்களில் கண்ணை மூடினால் அந்தத் தரை ஓடுகிறது. மாட்டுச் சாணம், புளியம்பூ, யாரோ தவறவிட்ட ஒற்றை வளையல், வண்டித்தடத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம். வானத்தை நான் அதிகம் பார்த்தது அப்படித்தான்.

உம்மா மூன்றாவது பிரசவத்தில் போய்விட்டார். நூருவுக்கு அப்போது ஏழு வயது. பின்னால் வாப்பாவும் போன பிறகு, உம்மாவின் ஊரிலேயே, ஆவாரம் பட்டை வாங்கித் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்பும் மாமன் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு தபால் கார்டு வந்தது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் மாப்பிள்ளையின் கையெழுத்து. கடைசி வரி மட்டும், அக்காவுக்கென்று, நூருவின் கோணல் எழுத்து. "லாத்தா, எனக்கு உம்மா ஞாபகமாவே இருக்கு."

அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் தேடிக் கிளம்பியது அதற்கு மறுநாள்தான்.

பணியார டயர்

மாமனார் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அதையும் மகனிடம்தான் சொன்னார்.

"போய் வாங்க. பொழுது சாயறதுக்குள்ள, மஃரிபு பாங்குக்கு முன்னாடி ஊடு வந்து சேந்துடணும். உங்க உம்மா கெதி உனக்குத் தெரியும். பகல்ல பக்கத்தூட்டு பொம்பள பாத்துக்குவா, இருட்டுனா அவ ஊட்டுக்குப் போயிடுவா."

நியாயம்தான். கூண்டு வண்டியில் நடக்காத காரியம் அது. மோட்டார் சைக்கிளில் நடக்கும். பிரசவம் வரைக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போய் நூருவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வண்டிக்கு இருந்தவை பட்டாள டயர்கள். பணியாரத்தைக் கவிழ்த்து வரிசையாக ஒட்டியது போலப் பெரிய பெரிய குமிழ்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரே பெருமை. "பாலைவனத்துல ஓடுனது. நம்ம ஊரு சேறு இன்னா பண்ணும்?" என்றார்.

நம்ம ஊர்ச் சேறு பாலைவனத்தைப் பார்த்ததில்லை. அதனால் அதற்குப் பயமும் இல்லை.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் மழை. கறுப்பு மண் வரும் அந்த ஒரு மைல் இரண்டு பக்கமும் நெல் வயல். வண்டி அதில் இறங்கிய நூறு கஜத்தில் குமிழ்களுக்கு நடுவே களிமண் ஏறியது. குமிழ் உயரமாக இருந்ததால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட இடமில்லை. சேறு அங்கே போய் அடைத்தது. சக்கரம் நின்றது. இஞ்சின் மட்டும் கத்தியது.

அவர் குச்சியால் நோண்டினார். இருபது அடி போனோம். மறுபடி நோண்டினார். கடைசியில் வயலில் இருந்த இரண்டு பேர் வந்து தள்ளினார்கள். என்னையும் உள்ளே வைத்துத் தள்ளினார்கள். திரை போட்ட தொட்டிக்குள் கையில் நெய்ச் சோற்றுத் தூக்கோடு, கல்யாணப் பெண் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

கவனியுங்கள், நான் இறங்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. தள்ளிய இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என் ஒருத்தி உடம்பை ஏற்றிக்கொண்டு ஒரு மைல் தூரம் மூன்று பேர் பட்ட பாட்டில், அந்த எளிய யோசனை ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. திரைக்குள் இருக்கும் பெண் சாமான் மாதிரி. சாமான் இறங்கி நடக்குமா?

நூருவின் வீட்டை அடைந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு டீ குடிக்கும் நேரம்தான் கிடைத்தது. அவள் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். திரும்பும்போது அதே சேறு, அதே குச்சி. வீடு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டிருந்தாள். மாமி நனைந்த பாயில் கிடந்து விசும்பிக்கொண்டிருந்தார். மாமனார் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, எப்படி ஊட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. "இன்னும் ஒரே தடவ பாக்குறேன். அதுவும் இப்படித்தான்னா வண்டிய குடுத்துடு" என்றார் மகனிடம்.

அன்று இரவு மாமியைப் புரட்டும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திரைக்கு இந்தப் பக்கம்

அதற்குப் பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில். சேறு இறுகிய ஒரு காலையில்தான், மாமிக்குத் தைலம் வாங்கவேண்டும் என்று பொன்னேரி வரை வந்து, அப்படியே புதுவாயல் வரை ஓட்டி, முனிரத்தினத்தின் கடை முன்னால் நின்றோம்.

சுவரில் இருந்த மூன்றில் ஒன்று புதுப் பணியார டயர். இரண்டாவதில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடியது. மூன்றாவதில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஆழம் குறைவு.

செருப்பு பணியாரத்தின் பக்கம் நகர்ந்தது.

"இன்னா பாய், அதையே கட்டிக்கினு அழுவுற?" என்றார் முனிரத்தினம். "தாருல இது வூ வூன்னு கத்தும். மழ பெஞ்சா வழுக்கும். நீ எந்த ரோட்டுல போற, மொதல்ல அத்தச் சொல்லு."

"எல்லா ரோட்டுலயும்தான்பா. சேறு, மணலு, தாரு..."

"எது எவ்ளோ?"

செருப்பு மறுபடி இங்கும் அங்கும் நகர்ந்தது. ஓட்டுபவர்கள் முன்னால் பார்த்துப் போகிறவர்கள். சக்கரத்தின் கீழே என்ன போனது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"இன்னாங்க" என்று மெல்லக் கூப்பிட்டேன். செருப்பு திரையருகே வந்தது. "மணலு ரெண்டு மைலு. சேறு ஒரே மைலு. பொன்னேரி வரைக்கும் சரள ஏழு. தாரு பன்னெண்டு. அதுக்கு மேல செம்மண்ணு எட்டு. செம்மண்ணுல உருட்டுக் கல்லு இருக்குது, சேறு ஆகாது."

அவர் போய் அதை அப்படியே ஒப்பித்தார். வெறுங்கால்கள் திரைப் பக்கம் திரும்பின.

"அம்மா வண்டி ஓட்டுவாங்களா பாய்?"

"இல்லப்பா. பாத்துக்கினே வருவாங்க."

அதற்குப் பிறகு முனிரத்தினம் அவரைப் பார்த்துப் பேசவில்லை, திரையைப் பார்த்துப் பேசினார். நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன், அவர் அதைத் திரும்பச் சொல்ல வாயெடுப்பார், அதற்குள் முனிரத்தினமே பதில் சொல்லிவிடுவார். நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியிருக்க வேண்டும். அவர் குதிகால்கள் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தன.

முன் சக்கரத்துக்குக் கோடு போட்டது. திருப்பின பக்கம் போகும், ஈரத் தாரில் நிற்கும். பின் சக்கரத்துக்குச் சின்னக் கட்டம். சரளையிலும் செம்மண்ணிலும் இழுக்கும், தாரில் சத்தமில்லாமல் ஓடும். தொட்டிச் சக்கரத்துக்கு, கடைக்குள்ளே கிடக்கும் பாதி தேய்ந்த கோட்டு டயரே போதும். மணலுக்கு?

"மணலுக்கு டயரு மாத்தக் கூடாது, காத்த கொஞ்சம் எறக்கணும். மணலு தாண்டனதும் பம்பு போட்டு அட்ச்சிக்கோ" என்றார் முனிரத்தினம். பிறகு இழுத்தார். "எல்லாம் சரி. அந்த ஒரு மைலு சேறு? இந்த டயரு அடைக்காது, ஆனா பாரத்தோட இழுக்காது. ஆளு ஒக்காந்தா பொதையும். சேத்துக்கு வேற டயரு வேணுமே."

இதுதான் நான் பயந்த இடம். காலையிலிருந்து நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருந்த வார்த்தை.

"சேத்துக்கு டயரு வேணாம்" என்றேன். "சேத்துல நான் எறங்கிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் அதை ஒப்பிக்கவில்லை.

"அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சி பாய்" என்றார் முனிரத்தினம். "மாட்டட்டுமா?"

சக்கரங்கள் கழன்றன. திரும்பி வரும்போது பொன்னேரியில் என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டார்: "வாப்பாகிட்ட இன்னான்னு சொல்றது?"

"கேட்டா உள்ளதச் சொல்லுங்க. கேக்காட்டி டயரு நல்லாருக்குதுன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார்.

வரப்போரம்

இரண்டாவது பயணத்துக்கு முந்தின நாளும் மழை விடவில்லை. மணலில் மெத்தென்று ஓடினோம். கறுப்பு மண் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. அவர் இறங்கி வந்து திரையை விலக்கிப் பிடித்தார்.

வயதுக்கு வந்த பிறகு நான் திறந்த ரோட்டில் கால் வைத்ததில்லை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, செருப்பைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கினேன். சேறு ஜில்லென்று கணுக்கால் வரைக்கும் வந்தது. வண்டி மெல்ல உறுமிக்கொண்டு முன்னால் போனது. பாரமில்லாத தொட்டி துள்ளித் துள்ளிப் போனதைப் பார்த்தேன். அது இத்தனை சின்ன வண்டி என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சத்தம் அடங்கியது. நானும் வயலும் மட்டும்.

இரண்டு பக்கமும் புது நடவு. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். தூரத்தில் ஏரித் தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. அந்த ரோட்டை நான் எத்தனை தடவை கடந்திருப்பேன். வயலுக்கு இவ்வளவு அகலம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மேகம் ஒன்று போகும்போது அதன் நிழல் வயல் மேல் நடந்து வந்து என்னையும் கடந்து போனது. நான் நடக்கிறேனா, நின்றுகொண்டிருக்கிறேனா என்றே சற்று நேரம் தெரியவில்லை.

நடவு செய்துகொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். முழங்கை வரைக்கும் சேறு.

"இன்னா தாயீ, வண்டி போயிக்கினே கீது! உன்ன வுட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல, நானே எறங்கிக்கினேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவளுக்கு அது பெரிய வேடிக்கை. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு கையை ஆட்டினாள். "நடுவுல நடக்காத, மாட்டுக் காலு மிதிச்ச எடம் பொதையும். ஓரமா புல்லு மேல போ."

ஓரமாகப் போனேன். விரல் இடுக்கில் களிமண் ஏறியது, காலைத் தூக்கியதும் தானாக விழுந்தது. என் காலுக்கு மட்கார்டு கிடையாதே, அடைத்துக்கொள்ள. நினைத்ததும் தனியாகச் சிரித்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மைல் முடிவில் அவர் வண்டி மேல் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயமும் பெருமையும் சேர்ந்து இருந்தன. சக்கரங்களில் கொஞ்சம்தான் சேறு. நோண்டுவதற்குக் குச்சி தேவைப்படவில்லை.

பொன்னேரியைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறினோம். புது டயர் கத்தவில்லை. தரை கறுப்பாக, சத்தமில்லாமல் ஓடியது. நான் தூங்கிப்போனேன்.

நூருவின் வாசல்

பத்து மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். வீட்டுக்குள்ளிருந்து ஆவாரம் பட்டை வாசனை வந்தது. நூரு வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என் கால்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"லாத்தா, நடந்தா வந்தே?"

"ஒரு மைலு."

தண்ணீர் கொண்டுவந்து என் காலில் அவளே ஊற்றினாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அன்று முழுக்க அவள் மடியில் என் கை இருந்தது. அவள் பயத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். உம்மாவுக்கு அன்று என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்ததை நானும் மறைக்காமல் சொன்னேன். அதுவரைக்கும் நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை. மத்தியானம் அவள் தூங்கினாள். பல நாளாகத் தூக்கமே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

கிளம்பும்போது, "மறுபடி எப்ப வருவே?" என்று கேட்டாள். அது மாமனார் கையில் இருந்தது. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

பாங்குக்கு முன்

திரும்பும்போதும் அந்த ஒரு மைலை நடந்தேன். வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. அவசரம், துப்பட்டி தடுக்கியது, முள்ளோ கல்லோ எதுவென்று பார்க்கவில்லை, மூச்சிரைக்க நடந்தேன். எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது சூரியன் ஏரிக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது.

மாமனார் வாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். முதலில் சூரியனைப் பார்த்தார். பிறகு டயர்களைக் குனிந்து பார்த்தார். அவற்றில் சேறு அதிகம் இல்லை. நான் இறங்கினேன். என் துப்பட்டியின் ஓரம் முழங்கால் வரைக்கும் கறுப்பாக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நடந்தியா?"

"ஒரு மைலு, மாமா. போக ஒண்ணு, வர ஒண்ணு."

உள்ளே மாமி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ முனகுவது கேட்டது. தெரு முனையில் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் அவர்களையும் பார்த்தார், என் கால்களையும் பார்த்தார். பிறகு செம்பை என் காலடியில் வைத்தார்.

"அடுத்த தடவ செருப்பு போட்டுக்கினு நட. கட்ட வெரல்ல ரத்தம் வருது பாரு."

குனிந்து பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. வலித்திருக்க வேண்டும். "அடுத்த தடவ" என்று அவர் சொன்னதையே எண்ணிக்கொண்டு, தண்ணீரை ஊற்றக்கூட மறந்து அங்கேயே நின்றிருந்தேன்.